மொட்டை வண்டியின் முன்சீட்டு

போன வாரம் நம் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு படம் வந்தது. கிருஷ்ணகிரி ரோட்டில் புதிதாகத் திறந்த ஓட்டலின் வாசலில் ஒரு பழைய கார். கூரை இல்லாத, இரண்டே பேர் உட்காரக்கூடிய, கம்பிச் சக்கரம் வைத்த பச்சைக் கார். வருகிறவர்கள் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வதற்காக நிறுத்தியிருக்கிறார்களாம். "உங்க சித்தப்பா வண்டி மாதிரியே இருக்குதில்ல? நாமெல்லாம் பின்னாடியே ஓடுவமே. எழுதுங்க" என்று நீங்கள் நாலைந்து பேர் கேட்டிருந்தீர்கள். கைகூப்பும் பொம்மையை மட்டும் போட்டேன். அதற்கப்புறம் இரண்டு நாளாக ஒரு வேலையும் ஓடவில்லை. எழுதித் தொலைத்துவிடுகிறேன். ஆனால் நீங்கள் எதிர்பார்க்கிற மாதிரி சந்தோஷமான கதை இல்லை இது. குட்மார்னிங் ரோஜாப்பூக்களுக்கு நடுவில் வைத்துப் படிக்க வேண்டாம்.

வண்டி வந்த விதம் உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். அதியமான்கோட்டையில், நெடுஞ்சாலை ஓரத்தில், சித்தப்பாவுக்கு லாரி ஒர்க்‌ஷாப் இருந்தது. ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்து பங்களாவில், பலாமரத்தடியில் பல வருஷமாகக் கிடந்த காரை யாராவது எடுத்துக்கொண்டு போனால் போதும் என்று பங்களாக்காரர்கள் சொல்ல, சித்தப்பா லாரியில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டார். வெள்ளைக்காரர் காலத்தில் பந்தயத்தில் ஓடிய வண்டி என்றார். யாரும் நம்பவில்லை. என்ஜினுக்குள் எலி குடும்பம் நடத்தியிருந்தது. மூன்று வருஷம், லாரிக்காரர்களுக்குச் செய்த வேலை போக மிச்ச நேரமெல்லாம் அதன் அடியிலேயே படுத்துக் கிடந்தார். பெண் பார்க்கலாமா என்று அப்பா கேட்டபோதெல்லாம், "இது ஓடட்டும்ணா, அப்பறம் பாக்கலாம்" என்பார். ஒருநாள் அது ஓடியும்விட்டது.

துணிக்கூரை மட்கிப்போயிருந்ததால் அதைக் கழற்றி எறிந்திருந்தார். அதனால் ஊர் அதற்கு மொட்டை வண்டி என்று பெயர் வைத்தது. பானெட்டின் குறுக்கே ஒரு தோல் பெல்ட் போட்டு இறுக்கியிருக்கும். அதை அவிழ்த்து மாட்டும் உரிமைக்காக நாமெல்லாம் அடித்துக்கொண்டது உங்களுக்கு நினைவிருக்கும். பெட்ரோலும் பழைய தோலும் கலந்த ஒரு வாசனை அதற்கு. இன்றைக்கும் செருப்புக் கடைக்குள் நுழைந்தால் எனக்கு அந்த வாசனைதான் முதலில் வரும்.

இரண்டு சீட்டுக்கும் பின்னால், கூரையை மடித்து வைப்பதற்கென்று ஒரு குறுகலான இடம் இருந்தது. நாங்கள் அதைப் பொந்து என்போம். சின்னப் பிள்ளை என்றால் காலை மடக்கி உட்காரலாம். அடியில் கொதிக்கிற சூடெல்லாம் அங்கேதான் வந்து சேரும். முன்சீட்டு எப்போதும் அப்பாவுக்கோ, ஊர்ப் பெரியவருக்கோ, விருந்தாளிக்கோதான். எனக்குப் பொந்து. முன்சீட்டில் உட்கார்ந்து, கதவின்மேல் முழங்கையை வைத்துக்கொண்டு, சினிமாக்காரி மாதிரி ஒரு தடவையாவது போகவேண்டும் என்பதுதான் அந்த வயதில் எனக்கிருந்த ஒரே ஆசை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

எனக்கும் அக்காவுக்கும் ஒன்பது வயது வித்தியாசம். எனக்குத் தலை பின்னியது, பேன் பார்த்தது, வாய்ப்பாடு ஒப்பிக்க வைத்தது எல்லாம் அவள்தான். முந்தின வருஷம் அவளை அரியலூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அவள் வீட்டுக்காரருக்கு ஒரு சுண்ணாம்புக்கல் குவாரியில் ஆபீஸ் வேலை. மழையை நம்பிப் பிழைக்கிறவன் இல்லை என்பதற்காக அப்பா அவ்வளவு தூரத்தில் கொடுத்தார். நான் ஐந்தாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்த அந்தச் சித்திரையில் அக்காவுக்கு ஏழாம் மாதம். ஒன்பதாம் மாதம் சீர் செய்து, பிரசவத்துக்கு அழைத்து வருவதாகப் பேச்சு.

அதே சமயம் ஊரில் மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்பு கட்டியிருந்தார்கள். உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெங்களூரில் பிறந்து வளர்ந்த உங்கள் பேரப்பிள்ளைகள் எட்டிப் பார்த்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். மஞ்சள் துண்டை நூலில் கட்டி, பூசாரி கையில் கட்டிவிடுவார். கட்டியபிறகு, பூமிதி முடியும்வரை ஊரை விட்டுப் போய் வெளியில் தங்கக் கூடாது. பகலில் எங்கே போனாலும் விளக்கு வைக்கிறதுக்குள் ஊர் எல்லைக்குள் வந்துவிட வேண்டும். அந்த வருஷம் எங்கள் வீட்டுக்குத் தீச்சட்டி எடுக்கிற முறை. சித்தப்பா எடுப்பதாக இருந்தார். அதனால் அப்பா கையைப் போலவே அவர் கையிலும் காப்பு.

காப்பு கட்டி இரண்டாம் நாள் அக்காவிடமிருந்து இன்லேண்ட் லெட்டர் வந்தது. நான்தான் சத்தமாகப் படித்தேன். கால் இரண்டும் வீங்கிக் கிடக்கிறது, தலை விண்விண் என்று தெறிக்கிறது, சில நேரம் கண்ணுக்கு முன்னால் மின்மினி பறக்கிறது, அம்மாவிடம் வரவேண்டும் போல் இருக்கிறது, அப்பா வந்து கூட்டிப்போனால் தேவலை. அவ்வளவுதான் கடிதம்.

"காப்பு கட்டியாச்சே. இன்னும் எட்டு நாளு. பூ மிதிச்ச மறுநாளே போயி கூட்டியாந்துடலாம்" என்றார் அப்பா.

அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். "எட்டு நாளா? அவ இத்தன வருசத்துல ஒன்னு வேணும்னு வாயத் தொறந்து கேட்டிருக்கறாளா? இப்பதான் மொத மொதல்ல கேக்கறா."

பஸ்ஸில் போனால் சேலத்தில் மாறி, ஆத்தூரில் மாறி, பெரம்பலூரில் மாறிப் போய்ச் சேரவே பொழுது சாய்ந்துவிடும். தங்காமல் திரும்ப முடியாது. அப்போதுதான் சித்தப்பா சொன்னார்.

"நான் போறன்ணா. விடியக்காலம் கெளம்புனா பத்துப் பத்தரைக்கு அங்க இருப்பன். பன்னண்டுக்குத் திரும்புனா வெளக்கு வெக்கறதுக்குள்ள எல்லைக்குள்ள வந்துருவன்."

"மொட்ட வண்டிலயா?"

"காத்தோட்டமா வருவாண்ணா. கலுக்குனு ஒரு குலுக்கல் இருக்காது. நான் ஓட்டறன்ல?"

அம்மாவும் கிளம்பியிருப்பாள், வண்டியில் இடமில்லை. வயிற்றுப்பிள்ளைக்காரிக்குப் பேச்சுத்துணைக்கு ஒரு பெண்பிள்ளை கூட இருக்கட்டும் என்று என்னை அனுப்பினாள். நான் குதித்த குதியில் பாவாடை நாடா அறுந்தது. ஆனால் கிளம்பும்போது பார்த்தால், முன்சீட்டில் சம்பந்தி வீட்டுக்கென்று ஒரு கூடை மாம்பழம் ஏறி உட்கார்ந்திருந்தது. பழம் அடிபடக்கூடாது என்று அதைக் கயிறு போட்டு வேறு கட்டியிருந்தார்கள். திரும்பும்போது அந்த இடத்தில் அக்கா. எனக்குப் போகவும் பொந்து, வரவும் பொந்து. மாங்கூடைக்குக் கிடைத்த மரியாதைகூட எனக்கில்லையே என்று தொப்பூர்க் கணவாய் இறங்கும்வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

போகிற பயணத்தைப் பற்றித்தான் நீங்கள் கேட்க ஆசைப்படுவீர்கள். நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். சேலத்தைத் தாண்டும்போது வெயில் ஏறிவிட்டது. சித்தப்பா கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு தலையில் ஈரத் துண்டைக் கட்டியிருந்தார். வாழப்பாடியில் வண்டியை நிறுத்தினால் பள்ளிக்கூடமே காலி ஆனது மாதிரி பிள்ளைகள் கூடிவிட்டார்கள். ஒரு கிழவர் சக்கரத்துக் கம்பியை விரலால் சுண்டிப் பார்த்துவிட்டு, "சைக்கிள் கடைக்காரனுக்குக் கொண்டாட்டம்" என்றார். ஆத்தூர் தாண்டி ரோட்டோரம் நுங்கு வெட்டிக் கொடுத்தார்கள். என் முட்டியில் நுங்குத் தண்ணீர் வழிந்து, புழுதி ஒட்டி, காய்ந்து பிசுபிசுத்தது. தார் இளகிச் சக்கரத்தில் ஒட்டுகிற சத்தம் காதுக்குள்ளேயே கேட்டது.

வண்டி மனிதர்களைவிட அதிகமாகத் தண்ணீர் குடித்தது. ரேடியேட்டருக்கென்று இரண்டு தகரத்தில் தண்ணீர் ஏற்றியிருந்தோம். எங்களுக்குக் குடிக்க ஒரு பித்தளைக் கூஜா. பெரம்பலூருக்குள் ஒரு தகரம் தீர்ந்துவிட்டது. "எறக்கம்தானே, ஒன்னும் பண்ணாது" என்று சித்தப்பா சொல்லிக்கொண்டார். வரும்போது அதே இறக்கம் ஏற்றமாக இருக்கும் என்பதை நானும் யோசிக்கவில்லை, அவரும் யோசித்ததாகத் தெரியவில்லை. இரண்டு இடத்தில் நின்று நின்று, நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பதினொன்றரை ஆகிவிட்டது.

அக்காவின் மாமியார் வாசலுக்கு வந்தார். குட்டையான, சுறுசுறுப்பான அம்மாள். "வாங்க தம்பி, வா பாப்பா" என்று சொல்லிக்கொண்டே வந்தவர் வண்டியைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"இதென்ன, கூரை எங்க?"

அக்கா பின்கட்டிலிருந்து வந்தாள். எனக்கு ஒரு நொடி யாரென்று தெரியவில்லை. கண்கள் உள்ளே போய், கன்னம் பளபளவென்று உப்பியிருந்தது. மூக்குத்தி சதைக்குள் புதைந்திருந்தது. "ஆம்பளப் புள்ளதான், அதான் மூஞ்சி இப்புடி ஊதிக் கெடக்கு" என்று மாமியார் பெருமையாகச் சொன்னார். சித்தப்பாவும் சிரித்தார்.

கிணற்றடியில் எனக்குக் கால் கழுவத் தண்ணீர் ஊற்றினாள் அக்கா. அவள் பாதத்தை நான் விரலால் அழுத்தினேன். குழி அப்படியே நின்றது. இன்னொரு தடவை அழுத்தினேன். இன்னொரு குழி. எனக்கு அது விளையாட்டாக இருந்தது. அவளும் சிரித்தாள். அப்புறம் குனிந்து என் காதுக்குள் சொன்னாள்.

"பாப்பா, எப்படியாச்சும் என்னக் கூட்டிக்கினு போயிருங்க. எனக்கு இங்க பயமா இருக்குது."

"எதுக்குக்கா பயம்?"

"தெரியல. பயமா இருக்குது."

மாமியார் கொடுமைக்காரி என்றெல்லாம் நினைத்துவிடாதீர்கள். எங்கள் வீட்டில் பல வருஷம் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள், நானும் சேர்ந்து பேசினேன். அன்றைக்கு அந்த அம்மாள் கோழி அடித்துச் சோறு போட்டார். கோயிலுக்கு நேர்ந்துகொண்டிருக்கிறேன் என்று சித்தப்பா சொன்னதும், தனியாக ரசம் வைத்துக் கொடுத்தார். சாப்பிட்டு முடித்துச் சித்தப்பா விஷயத்தை எடுத்தபோது அவர் சொன்னது இதுதான்.

"நான் வேணாங்கல தம்பி. எம்மவன் அஞ்சு மணிக்கு வந்துருவான். அவன ஒரு வார்த்த கேட்டுக்குங்க. ராத்திரி தங்குங்க. காலையில வெயிலு ஏறுறதுக்கு முன்னாடி கூட்டிட்டுப் போங்க. யாரு தடுத்தா? இந்த உச்சி வெயில்ல, கூரை இல்லாத வண்டியில, ஏழு மாசக்காரிய ஏத்திட்டுப் போறேன்னா எப்புடி? நாளைக்கி ஒன்னு ஆச்சுன்னா அவனுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

சித்தப்பா கையை நீட்டிக் காப்பைக் காட்டினார். "தங்க முடியாதுங்களே. வெளக்கு வெக்கறதுக்குள்ள நான் ஊருக்குப் போவணுங்க."

"காப்பு கட்டிக்கிட்டு எதுக்கு வந்தீங்க?"

சித்தப்பா நீட்டிய கையை இழுத்துக்கொண்டார்.

இதற்குள் அக்கா வாசலுக்குப் போய்விட்டாள். நாங்கள் வெளியே வந்தபோது, பச்சையும் சிவப்புமாகப் பின்னிய ஒயர் கூடையைப் பொந்துக்குள் வைத்துவிட்டு, முன்சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தாள். வெயிலில் காய்ந்த தோல் சீட்டு. சேலைத் தலைப்பை மடித்து அடியில் போட்டிருந்தாள். இரண்டு கையாலும் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"சித்தப்பா, நான் இப்பவே வரன். அவருக்கு நான் அப்பறமா சொல்லிக்கறன். நீங்க வண்டிய எடுங்க."

பக்கத்து வீடுகளிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். மாமியார் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் வந்து கையைப் பிடித்து இழுக்கவில்லை, திட்டவில்லை. சித்தப்பா காப்பு நூலை மணிக்கட்டில் சுற்றிச் சுற்றித் திருகிக்கொண்டிருந்தார். அவர் முன்னால் இரண்டு வழி இருந்தது. சம்பந்தி பகை வந்தாலும் வரட்டும் என்று வண்டியை எடுத்திருக்கலாம். சாமி குத்தம் வந்தாலும் வரட்டும் என்று ராத்திரி தங்கியிருக்கலாம். என்ஜினில் எது பழுதென்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுகிற மனிதர், அன்றைக்கு ஒன்றும் தெரியாமல் நின்றார். கடைசியில் என்னைப் பார்த்தார்.

"என்ன பாப்பா பண்ணலாம்?"

பெரியவர்கள் பிள்ளைகளிடம் கேட்கிற கேள்விகள் இருக்கிறதே, பதில் வேண்டிக் கேட்பது இல்லை அது. வாய்விட்டு ஒரு தடவை சொல்லிப் பார்ப்பது. ஆனால் நான் பதில் சொன்னேன்.

"போலாம் சித்தப்பா. அக்காவ அப்பறமா வந்து கூட்டிக்கலாம்."

ஏன் சொன்னேன் என்று உங்களுக்குத் தெரியும். பொந்துக்குள் உட்கார்ந்து வந்து முதுகு வெந்திருந்தது. அக்கா வராவிட்டால் அந்த சீட்டு எனக்கு. இவ்வளவுதான் என் தலைக்குள் இருந்தது. கிணற்றடியில் அவள் சொன்னது மறந்து போகவில்லை. அதுவும் இருந்தது, சீட்டும் இருந்தது. சீட்டு முன்னால் வந்து நின்றது.

அக்கா என்னைப் பார்த்தாள். அப்புறம் அவளே கதவைத் திறந்து, ஒரு கையால் வயிற்றைத் தாங்கிக்கொண்டு இறங்கினாள். "செரி சித்தப்பா. பாத்துப் போங்க" என்றாள். இறங்கியவள் என் தலையைத் தடவி, கலைந்திருந்த பின்னலைச் சரிசெய்துவிட்டாள். நான் ஏறி உட்கார்ந்தேன். சீட்டு அவள் வேர்வையில் ஈரமாக இருந்தது.

சேலம் வரை நான் சந்தோஷமாக வந்தேன். கதவின்மேல் முழங்கையை வைத்திருந்தேன். ரோட்டோரப் பிள்ளைகளுக்கெல்லாம் கை காட்டினேன். அனல் காற்றில் உதடு வெடித்து ரத்தம் வந்ததைக்கூட நக்கிக்கொண்டே வந்தேன்.  ஆத்தூரில் தண்ணீர் பிடிக்க நிறுத்தலாமா என்று நான் கேட்டதற்கு, நேரமில்லை என்று சித்தப்பா தலையை ஆட்டினார். ஓமலூர் தாண்டும்போது சூரியன் சாய்ந்துவிட்டது.

தொப்பூர்க் கணவாய் அன்றைக்கு இப்போது மாதிரி அகல ரோடு இல்லை. ஒற்றை ரோடு, இரண்டு பக்கமும் முள்ளுக்காடு, மூச்சிரைத்துக்கொண்டு ஏறும் லாரிகள். பாதி ஏற்றத்தில் பானெட்டிலிருந்து வெள்ளையாக ஆவி கிளம்பியது. சித்தப்பா வண்டியை ஓரம் கட்டித் தோல் பெல்ட்டை அவிழ்த்தார். கொதிக்கிற ரேடியேட்டரை உடனே திறக்கக் கூடாது என்று எத்தனையோ டிரைவர்களைத் திட்டியிருக்கிறார். அன்றைக்கு மலைமேல் மிச்சமிருந்த பகல் வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு துணி குடு பாப்பா, சீக்கிரம்."

அவருடைய துண்டு எங்கேயோ காற்றில் பறந்திருந்தது. நான் பொந்துக்குள் கையை விட்டேன். ஒயர் கூடை தட்டுப்பட்டது. அக்கா இறங்கும்போது அதை எடுக்கவில்லை, எங்களுக்கும் நினைவில்லை. கைக்குக் கிடைத்த துணியை உருவிக் கொடுத்தேன். அவர் அதை மூடியின்மேல் போட்டுத் திருகினார். சீறிக்கொண்டு துருத் தண்ணீர் அடித்தது. கையை உதறிக்கொண்டு விலகினார். முன்கையில் தோல் வழன்றுவிட்டது. மிச்சமிருந்த அரைத் தகரத்தையும், கூஜாத் தண்ணீரையும் ஊற்றியபிறகுதான் அந்தத் துணியைப் பார்த்தோம். பழைய சேலையில் தைத்த, உள்ளங்கை அகலக் குழந்தைச் சட்டை. கழுத்தில் நாடா வைத்து, ஓரத்தில் சிவப்பு நூலால் சின்னச் சின்னப் பூ போட்டிருந்தாள். கூடைக்குள் அதே மாதிரி இன்னும் நாலைந்து இருந்தன. சித்தப்பா அதைப் பிழிந்து, உதறி, மடித்து, திரும்பக் கூடைக்குள் வைத்தார். வைத்துவிட்டு ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு அழுகை வந்தது. தண்ணீர் தாகத்தில் என்று அவர் நினைத்திருக்கலாம்.

ஊர் எல்லைக்கு வந்தபோது வீடுகளிலெல்லாம் விளக்கு வைத்து ரொம்ப நேரமாகியிருந்தது. சித்தப்பா எல்லைக்கல்லுக்கு வெளியிலேயே வண்டியை நிறுத்திவிட்டு என்னைப் பூசாரியிடம் அனுப்பினார். குற்றம் செய்தவன் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பூசாரி ஒரு குடத்தோடு வந்தார்.

"வண்டி நின்னுபோனா நீ என்னப்பா பண்ணுவ? ஆத்தாளுக்குத் தெரியாதா? மஞ்சத்தண்ணிய ஊத்திக்க, புதுசா ஒன்னு கட்டிக்கலாம்."

ஒரு குடம் மஞ்சள் தண்ணீர். பழைய நூலை எடுத்துவிட்டுப் புது நூல். முடிந்துவிட்டது. தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்டச் சித்தப்பா அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். "அவ்வளவுதானுங்களா?" என்று கேட்டார். "அவ்வளவுதான், போ" என்றார் பூசாரி.

அம்மா வாசலில் நின்றிருந்தாள். முதலில் ஒயர் கூடையைப் பார்த்தாள்; முகம் மலர்ந்தது. எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். அப்புறம் கூடையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அந்தச் சட்டையை அவள் எத்தனை தடவை சோப்புப் போட்டாலும் துருக்கறை போகவில்லை.

நாங்கள் திரும்பிய ஆறாம் நாள், தீச்சட்டி எடுக்கிற அன்றைக்குக் காலையில், தந்தி வந்தது. அக்காவுக்கு ஜன்னி கண்டுவிட்டது. குழந்தை செத்துப் பிறந்தது. அக்கா பெரியாஸ்பத்திரியில் நினைவில்லாமல் இருந்தாள்.

வீட்டில் தீட்டு விழுந்தால் காப்பு நிற்கக் கூடாது. பூசாரியே வந்து, சித்தப்பா கையிலிருந்து அந்தப் புது நூலைக் கத்தரித்து எடுத்துப்போனார். தீச்சட்டியைப் பங்காளி வீட்டில் எடுத்தார்கள். எந்த நூலுக்காக அக்காவை விட்டுவிட்டு வந்தோமோ அது இப்படிப் போயிற்று. அப்பாவும் அம்மாவும் முதல் பஸ்ஸில் போனார்கள். அக்கா பிழைத்துக்கொண்டாள். பதினைந்து நாள் கழித்துத் திரும்பி வந்த அப்பா, துக்கம் கேட்க வந்தவர்களிடம் சொன்னதைத்தான் என்னால் இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை.

"நல்லவேள, அன்னிக்கி அந்த வண்டியில கூட்டியாராம வந்தான். வந்திருந்தா வழியில ஆட்டம் குடுத்துதான் இப்படி ஆச்சுன்னு பழி நம்ம தலையில விழுந்திருக்கும். ஆத்தாதான் காப்பாத்துனா."

கூடியிருந்தவர்கள் எல்லாரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். சித்தப்பா ஆட்டவில்லை.

போன வருஷம் என் மருமகள் உண்டாகியிருந்தபோது கூட ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு சின்ன வயது நர்ஸ், ஒவ்வொரு பெண்ணிடமும் பாட்டுப் போல் கேட்டுக்கொண்டே வந்தாள். கால் வீங்குதா, தலை வலிக்குதா, கண்ணுல மினுக்கு மினுக்குன்னு தெரியுதா. மூன்றும் அந்த இன்லேண்ட் லெட்டரில் இருந்தது. அதே வரிசையில் இருந்தது. சத்தமாகப் படித்தவள் நான். கேட்டவர்கள் அத்தனை பேரும் பெரியவர்கள். அக்கா ஊருக்கு வந்திருந்தால் அம்மா அவளைத் தர்மபுரி லேடி டாக்டரிடம் அழைத்துப் போயிருப்பாள். போயிருந்தால் குழந்தை பிழைத்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. அந்த வண்டியும் அந்த வெயிலும் அவளை என்ன செய்திருக்கும் என்றும் தெரியாது. ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று மருமகள் நினைத்துக்கொண்டாள்.

மொட்டை வண்டியைச் சித்தப்பா அதற்கப்புறம் வெளியே எடுக்கவில்லை. ஷெட்டில் தார்ப்பாய் போட்டு மூடினார். கோழிகள் அதற்குள் முட்டையிட்டன. நீங்கள் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனீர்களே, பார்ட்ஸ் கிடைக்கவில்லை என்று அவர் சொன்னதெல்லாம் பொய். பல வருஷம் கழித்துப் பெங்களூரிலிருந்து யாரோ வந்து எடுத்துப்போனார்கள். ஓட்டல் வாசலில் நிற்பது அதுவேதானோ என்னவோ, போய்ப் பார்க்கிற எண்ணம் எனக்கில்லை.

சாகிறதுக்குக் கொஞ்ச நாள் முன்னால், முன்கைத் தழும்பைத் தடவிக்கொண்டே சித்தப்பா ஒரு தடவை சொன்னார்: "அன்னிக்கி நீ சொன்னதுனால ஒன்னுமில்ல பாப்பா. நானே கெளம்பறதாத்தான் இருந்தன்." நான் கேட்காமலேயே சொன்னார். அதைத்தான் இத்தனை காலம் பிடித்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு நான் சொன்னதை அக்கா கவனித்திருக்கவே மாட்டாள், அவளுக்கிருந்த தலைவலியில் என் பேச்சு காதில் விழுந்திருக்காது என்றும் சொல்லிக்கொண்டேன்.

அக்காவுக்கு அப்புறம் இரண்டு பையன்கள் பிறந்தார்கள். இரண்டு பிரசவமும் அங்கேயேதான். தாய் வீட்டுக்கு வரமாட்டேன் என்று அவள் சொல்லவில்லை, வரவில்லை. திருவிழாவுக்கு வருவாள், விருந்தாளி மாதிரி இருந்துவிட்டுப் போவாள். எங்களிடம் ஒன்றும் கேட்டதில்லை. அம்மா கிடையில் கிடந்தபோது, "எங்கிட்ட ஏதாச்சும் கேளுடி" என்று அழுதாள். "ஒன்னும் வேணாம்மா, நல்லாத்தான் இருக்கறன்" என்றாள் அக்கா.

இப்போது அவள் சின்ன மகனோடு சேலத்தில் இருக்கிறாள். போன மாதம் தர்மபுரியில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். என் மகன் காரில் நாங்கள் நாமக்கல்லிலிருந்து வருகிற வழியில் அவளையும் ஏற்றிக்கொள்வதாக ஏற்பாடு. அதே கணவாய் ரோடு, அதே சித்திரை வெயில். அவள் வீட்டு வாசலில் நான் முன்சீட்டிலிருந்து இறங்கிக் கதவைத் திறந்து பிடித்தேன்.

"அக்கா, நீ முன்னாடி உக்காரு. கால நீட்டிக்கலாம், ஏசியும் நல்லா வரும்."

அவள் அதற்குள் பின்கதவைத் திறந்திருந்தாள். எழுபதைத் தாண்டியவள், ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உள்ளே ஏறி உட்கார்ந்தாள். புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, என்னைப் பார்த்துச் சிரித்தாள். கோபமே இல்லாத சிரிப்பு. கோபம் இருந்திருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன்.

"இருக்கட்டும் பாப்பா, நீயே உக்காரு. உனக்குத்தான் முன்சீட்டுன்னா உசுரு."

என் மகன் நேரமாகிறது என்றான். நான் முன்னால் ஏறி உட்கார்ந்தேன்.